அத்திம்பேர் வீட்டு ஒற்றை பல்பு

என் மேசை இழுப்பறையில் பியூஸ் போன பல்பு ஒன்று கிடக்கிறது. அதன் பித்தளைத் தொப்பி கறுத்துவிட்டது. கண்ணாடி உட்புறம் புகையேறி மங்கியிருக்கிறது. ஆட்டினால் அறுந்த இழை உள்ளே கிணுகிணுக்கும். குப்பையில் போடச் சொல்லி என் மனைவி வாய் ஓய்ந்துவிட்டாள். அக்கா காலமான பிறகு அவள் வீட்டிலிருந்து நான் கேட்டு வாங்கிய ஒரே பொருள் அதுதான்.

அக்காவின் கணவர், என் அத்திம்பேர், திருவனந்தபுரத்து மின்சார ஆபீசில் லைன் இன்ஸ்பெக்டர். கோட்டைக்குள் வீடு. அப்போது ஊருக்குள்ளேயே எஞ்சின் ஓட்டித்தான் மின்சாரம் எடுத்தார்கள். தெருக்கம்பிகளோ மெல்லிசு. விளக்கு வைக்கிற நேரத்தில் எல்லா வீடுகளிலும் ஒருசேர விளக்குப் போட்டால் தாங்காது. ஏதாவது ஒரு தெரு இருண்டுவிடும். மழைக்காலமானால் தென்னை மட்டை விழுந்தே பாதி ஊர் இருண்டுவிடும். வசவு மட்டும் தவறாமல் அத்திம்பேருக்கு. ஆள் வந்து கதவைத் தட்டட்டும் என்று காத்திருக்கிற சுபாவம் அவருக்கில்லை. கூடத்தில் படுக்கைக்கு நேர் மேலே பல்பை எரியவிட்டுத்தான் தூங்குவார். அது அணைந்த மறுகணம் எழுந்துவிடுவார். ஊரில் எல்லோருக்கும் வெளிச்சம் பட்டால் விழிப்பு வரும், இந்த மனுஷருக்கு இருட்டு பட்டால் வரும். அந்த வீட்டில் இருந்த மின்விளக்கும் அது ஒன்றுதான். அடுக்களையில் மண்ணெண்ணெய் விளக்கு.

அந்த பல்பின் கீழேதான் அக்காவும் குடித்தனம் நடத்தினாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விடிகிற வரை புரளுவாள். ஓயாத மண்டையிடி. தைலங்களையெல்லாம் கொடுத்துப் பார்த்த வைத்தியர் கடைசியில், நல்ல இருட்டில் தூங்கினாலே போதும் என்று சொல்லிவிட்டார். "புது லைன் வரட்டும்டி, அன்னிக்கே அணைச்சுடறேன்" என்பார் அத்திம்பேர்.

மலையில் அருவித் தண்ணீரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தை ஊருக்குக் கொண்டுவரும் வேலை நடந்துகொண்டிருந்தது. காடும் வயலும் தாண்டி இரும்புக் கோபுரங்கள் எழும்பின. தெருக்களில் பழைய கம்பிகளை இறக்கிக் கனத்த கம்பிகளை ஏற்றினார்கள். அந்த மாதங்களில் அத்திம்பேர் வீடு திரும்பினால் தட்டின் முன் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிடுவார், சோறு ஆறிப்போகும். ஒருவழியாகப் புது லைன் வந்தது. ஒரு தெருகூட இருளவில்லை. ஆனால் அந்த பல்பு மட்டும் அணையவில்லை. "ஒரு மழை போகட்டும்" என்றார். மழை போயிற்று. "ஆராட்டு போகட்டும்" என்றார். கோயில் திருவிழாவும் முடிந்தது. அப்புறம்தான் அக்கா எனக்குச் சொல்லியனுப்பினாள். எங்கள் ஊர் சுசீந்திரத்திலிருந்து பஸ் ஏறிப் போனேன். பெட்டியைக் கட்டி வைத்திருந்தாள்.

"கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்னுதான் சொல்லப்போறேன். திரும்பி வர உத்தேசமில்லைடா" என்றாள். "அவர் மேல ஒரு குத்தமும் இல்லை. எனக்குத் தூங்கணும், அவ்வளவுதான்."

சாயங்காலம் வந்த அத்திம்பேர் பெட்டியைப் பார்த்தார். "காலம்பற பஸ்ஸா?" என்று மட்டும் என்னிடம் கேட்டார். பல்பைப் போட்டுவிட்டு அதன் கீழே படுத்துக்கொண்டார். விளக்கு வைக்கிற நேரத்தில் அவர் படுத்து நான் பார்த்ததே இல்லை. உடனே குறட்டை கேட்டது. அக்காவும் நானும் அடுக்களையில் இருந்தோம்.

சட்டென்று கூடம் இருண்டது. வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தவர், சாமான் பையைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு தெருவில் ஓடினார். "லைன் போச்சு! லைன் போச்சு!" நான் பின்னாலேயே ஓடினேன். தெரு நெடுக விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அவர் கண்ணில் அது படவேயில்லை.

முனைக் கடை மலையாளி எழுந்து நின்று, "எந்தா சாமி, எங்கோட்டா இந்த ஓட்டம்?" என்றார்.

"லைன் போச்சுய்யா!"

"லைனோ? மேலே நோக்கு சாமி, வெளிச்சம் உண்டல்லோ!"

அத்திம்பேர் நிமிர்ந்தார். தலைக்கு நேர் மேலே தெருவிளக்கு. தெருக்கோடி வரை ஒவ்வொரு விளக்காகப் பார்த்தார். கடைக்காரர் சிரித்தார். அத்திம்பேரின் முகத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். அவ்வளவு களைத்த முகத்தை நான் கண்டதில்லை. கடைப் படியில் உட்கார்ந்து, "எத்தனை வருஷமா ஓடிண்டே இருக்கேன்" என்றார். என்னிடம் சொன்னதாகத் தோன்றவில்லை.

வீட்டு வாசலில் அக்கா மண்ணெண்ணெய் விளக்கோடு நின்றாள்.

"ஊர்ல கரண்ட் இருக்குடி. நம்மாத்து பல்புதான் போயிடுத்து" என்றார் அவர். "வேற பல்பு எங்கே?"

மாடப்பிறையில் புது பல்பு இருந்தது. காகிதம் பிரிக்காமல், எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தது.

"தீந்துபோயிடுத்து" என்றாள் அக்கா.

அவர் மாடப்பிறையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "அப்படியா" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அக்கா விளக்கை ஊதி அணைத்தாள்.

காலையில் பஸ் நேரம் வந்தும் இருவரும் எழுந்திருக்கவில்லை. எழுப்ப எனக்கும் மனசு வரவில்லை. தனியாகவே ஊர் திரும்பினேன்.

இப்போது என் வீட்டில் அறைக்கு இரண்டு விளக்கு. எல்லாவற்றையும் அணைத்துப் படுத்தாலும் இந்த வயதில் தூக்கம் வருவதில்லை. நேற்றும் மனைவி இழுப்பறையைத் திறந்து, "இது இன்னும் எதுக்கு?" என்றாள். பல்பை வாங்கி ஒருமுறை ஆட்டிப் பார்த்து உள்ளே வைத்தேன். அத்திம்பேர் காலமான வருஷம் நானும் இதே கேள்வியைத்தான் அக்காவிடம் கேட்டேன். அவள் பல்பை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "நான் சொன்ன பொய் அவருக்குத் தெரியும்டா. தெரிஞ்சும் போய்ப் படுத்துண்டார். அதுக்கப்புறம் நான் எங்கே போவேன்?"