வாணலி ஓரத்துப் பொருக்கு

பால்கோவா பதத்துக்கு வரும்போது தங்கப்பாண்டியன் முதலில் தீயைக் குறைப்பார். முந்திரித் தோல் எரிக்கிற அடுப்பு அது. எரிகிற தோலை வெளியே இழுத்துப் போட்டாலும் சட்டென்று அடங்காமல் கொஞ்ச நேரம் முணுமுணுத்துக்கொண்டே கிடக்கும். பிறகு இரண்டு கையாலும் பிடித்திருந்த நீளக் கரண்டியை வாணலிச் சுவரில் ஒரு தட்டுத் தட்டி, விளிம்பைத் திருப்பி, பால் ஏறி இறங்கிய இடத்தில் படிந்திருக்கும் பொருக்கை ஒரே இழுப்பில் சுரண்டுவார். அது காகிதம்போலச் சுருண்டு வரும். இடது உள்ளங்கையில் அதைத் தட்டிக்கொண்டு, ஒருமுறை ஊதி, நாக்கில் வைத்து மேலண்ணத்தோடு அழுத்தி, கண்ணை மூடிக்கொள்வார். இமைக்குள்ளே ஏதோ எழுதியிருப்பதைப் படிக்கிறவர் மாதிரி இருக்கும் அப்போது முகம். கண் திறந்ததும் ஒரே சொல்தான். "எறக்கு" என்பார், இல்லையென்றால் "செத்த நேரம்" என்பார்.

ஒவ்வொரு வாணலிக்கும் இது நடக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் அப்துல் ஹமீது பாயின் கடைக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து நடக்கிறது. அதைச் சாப்பிடுவதாக அவர் ஒருபோதும் நினைத்ததில்லை. கொத்தனார் தூக்குக்குண்டு விடுவதுபோல அது வேலையில் ஒரு பகுதி, அவ்வளவுதான்.

அவருடைய தங்கை முத்துப்பேச்சியைச் சேத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தது. ராஜபாளையத்து மில் ஒன்றில் நூல் சுற்றுகிற கோன் வைண்டிங் வேலை பார்த்து வந்தாள். போன வருஷம் அவளுக்குச் சும்மா சும்மா அசதி வந்தது. பிறகு கால் வீங்கியது. பொங்கலுக்கு வந்தபோது தங்கப்பாண்டியன் அவள் கண்ணைப் பார்த்தார். பால் கோவாவாகும்போது முதலில் ஏறுகிற மஞ்சள் அவள் கண்ணில் ஏறியிருந்தது. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். கல்லீரல் போய்விட்டது, உடம்பே தன் உறுப்பைப் பகையாக நினைத்துத் தின்றுவிட்டது என்றார் டாக்டர். நெருங்கிய சொந்தத்தில் ஒருவர் தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தால் பிழைப்பாள், கொடுத்தவருக்கு அது திரும்ப வளர்ந்துவிடும் என்றும் சொன்னார். அவள் வீட்டுக்காரரின் ரத்த வகை சேரவில்லை. அண்ணனுடையது சேர்ந்தது.

ஆனால் ஸ்கேனில் அண்ணனின் கல்லீரல் முழுக்கக் கொழுப்பு. பீடியோ பிராந்தியோ தொட்டறியாத மனிதர். தன் உடம்பைப் பற்றி அவருக்கு ஒரு சின்ன கர்வம்கூட இருந்தது. மூன்று மாதத்தில் குறைத்துக்கொண்டு வந்தால் எடுக்கலாம், இப்போது எடுத்தால் இரண்டு பேருக்கும் ஆபத்து என்று டாக்டர் சொன்னபோது, எதையோ திருடி அகப்பட்டுக்கொண்டவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் முத்துப்பேச்சிதான் பேச்சை எடுத்தாள். "அண்ணே, ஒன் ஈரல்ல நெய் வடியுதாமே. அத எனக்கு வச்சா நான் பால்கோவா ஆயிருவேனா?"

"ஏட்டி, வாய மூடிட்டு வா" என்றார். சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் மனைவி மாரிக்கனி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். கத்தி நிற்கவில்லை. கடைசியில் ஒன்று சொன்னாள்: "ஒங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா நான் எங்க போவேன்?" அதற்குப் பிறகு அவள் இதைப் பற்றிப் பேசவே இல்லை. ஆஸ்பத்திரியில் மனைவியின் சம்மதம் வேண்டும் என்றபோது, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள். மனசில்லாமல்தான் போட்டாள் என்று தங்கப்பாண்டியன் எடுத்துக்கொண்டார். அவளைக் குறை சொல்லவும் முடியவில்லை.

என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஆஸ்பத்திரியில் ஒரு பெண் கேட்டாள். அவர் ஒன்று விடாமல் ஒப்பித்தார். கடையில் குடிக்கிற டீ, ராத்திரிப் பரோட்டா, சால்னாவில் மிதக்கிற எண்ணெய், ஞாயிற்றுக்கிழமைக் கறி, அதற்கு மேல் போடுகிற தூக்கம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் ஒவ்வொன்றாக அடித்து, வேறு எழுதிக் கொடுத்தாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். டீயில் சீனி நின்றது. சாயங்காலம் பரோட்டாக் கடையில் கல்லைத் தட்டுகிற சத்தம் வருகிற பக்கம் போகாமல் எதிர்ச்சாரியில் நடந்தார். வீட்டில் தட்டில் கேட்காமலே கேப்பைக் களியும் அகத்திக்கீரையும் வந்தன. மாரிக்கனி வைப்பாள், போவாள். ருசி எப்படி என்றும் கேட்பதில்லை.

அவராகத் தனக்கு வைத்துக்கொண்டது ஒன்றுதான். காலையில் வீடு இருக்கிற மம்சாபுரத்திலிருந்து கடைக்கு மினிபஸ்ஸில் போவதை விட்டுவிட்டு நடந்தே போவது. விடிவதற்குள் கிளம்பினால் பால் வண்டி வருகிற நேரத்துக்குக் கடைக்குப் போய்ச் சேரலாம். முதல் வாரம் கெண்டைக்கால் கல்லாக இருந்தது. கண்மாய்க் கரை ஏறும்போது மூச்சு தனக்கு முன்னால் ஓடியது. தூரத்தில் கோபுரம் தெரிய ஆரம்பித்த பிறகும் அது கிட்டத்தில் வருவேனா என்று நின்றுகொண்டே இருக்கும்.

ஒருநாள் தூறல் பிடித்துக்கொண்டது. முழங்காலும் மக்கர் பண்ணியது. இன்றைக்கு ஒருநாள் போனால் என்ன என்று நினைத்து, பின்னால் மினிபஸ் வருவதைப் பார்த்துக் கையைக் காட்டினார். ஞானதுரைதான் டிரைவர். உள்ளூர்ப் பையன், நன்றாகத் தெரிந்தவன். அவரை நேராகப் பார்த்தான். பார்த்தபடியே வண்டியை விரட்டிக்கொண்டு போய்விட்டான். வேட்டியில் சேறு தெறித்ததுதான் மிச்சம்.

இன்னொருநாளும் அப்படியே நடந்தது. மூன்றாம் தடவை நடு ரோட்டுக்கே வந்து கையைக் காட்டினார். வண்டி அவரைச் சுற்றி வளைத்துக்கொண்டு போனது. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி ஏற்றிக்கொண்டான். ஏன்டா என்று கேட்டால் பிரேக் சரியில்லை அண்ணே என்றான். தெருவுக்குள் வந்து ஹாரன் அடிக்காதே என்று எப்போதோ நாலு பேர் முன்னால் தான் அவனைத் திட்டியது தங்கப்பாண்டியனுக்கு ஞாபகம் வந்தது. இவ்வளவு நாள் மனசில் வைத்திருந்தானே என்று மாரிக்கனியிடம் சொல்லிச் சொல்லி ஆற்றிக்கொண்டார். அவள் அடையைத் திருப்பிப் போட்டாள்.

பாதித் தவணையில் மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். எடை கொஞ்சம் இறங்கியிருந்தது. கொழுப்பு போதிய அளவு இறங்கவில்லை. சொன்னதையெல்லாம் உண்மையாகவே செய்தீர்களா என்று டாக்டர் கேட்டார். அம்மன் சத்தியம் என்றார் தங்கப்பாண்டியன். இன்னும் ஒரு தடவை பார்ப்போம், அதற்குமேல் உங்கள் தங்கைக்குத் தாங்காது என்றார் டாக்டர்.

வராந்தாவில் முத்துப்பேச்சி உட்கார்ந்திருந்தாள். வளையல் முழங்கைவரை இறங்கி ஏறியது. இந்தத் தடவை கேலி பேசவில்லை. "விடுண்ணே. நீ எம்புட்டுத்தான் நடப்ப" என்றாள். அவள் கேலி பேசாமல் விட்டதுதான் அவரைப் பயப்படுத்தியது.

மறுநாள் கடையில் கரண்டி பிடித்தபடியே எல்லாவற்றையும் அப்துல் ஹமீது பாயிடம் சொன்னார். பாய் கல்லாவை விட்டு எழுந்து வந்து அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தங்கப்பாண்டியன் சொல்லிக்கொண்டே தீயைக் குறைத்தார். கரண்டியைத் தட்டினார். பொருக்கைச் சுரண்டி, உள்ளங்கையில் போட்டு, ஊதி, வாயில் வைத்துக் கண்ணை மூடினார்.

கண்ணைத் திறந்தபோது பாய் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா பாண்டி, இதச் சொன்னியா அங்க?"

"எத பாய்?"

"இப்ப உள்ள போச்சே, அத."

தங்கப்பாண்டியனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் வாய்க்குள் இருந்த தித்திப்பு அப்படியே கனத்தது. சுண்டக் காய்ந்த பாலும் நெய்யும் சீனியும், ஒவ்வொரு வாணலிக்கும் உள்ளங்கை நிறைய, காலையிலிருந்து சாயங்காலம்வரை. பசியே எடுப்பதில்லையே என்று அவரே பெருமைப்பட்டதும் இதனால்தான்.

ருசி பார்க்காமல் எப்படி பாய் இறக்குவது, கடைப் பேர் என்னாவது என்று கேட்டார். பாய் சிரித்தார்.

"நோன்பு மாசத்துல பள்ளிவாசல்ல கஞ்சி காய்ச்சுறோம்லா. அண்டா அண்டாவா. காய்ச்சுறவன் வாயில தண்ணிகூடப் படாது. உப்புப் பாத்தா காய்ச்சுறான்? நானே சின்ன வயசுல நாலஞ்சு வருசம் காய்ச்சிருக்கேன். மூக்குக்குத் தெரியும்டா உப்பு. நாக்க மூடுனாத்தான் மத்ததெல்லாம் தொறக்கும்."

அன்றிலிருந்து தங்கப்பாண்டியன் அடுப்படியில் நோன்பு பிடித்தார். அடுப்படிப் படி ஏறுவதற்கு முன் வாய் கொப்பளிப்பார், இறங்கும்வரை எதுவும் வாயில் படாது. முதலில் தடுமாறினார். ஒரு வாணலி பதம் தப்பிக் கட்டியாகிப் போனது. பாய் முகம் சுளிக்காமல் அதைப் பொட்டலம் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போனார். மறுநாள் தன் வீட்டுக்காரி ஆயிஷா பீவி அதைச் சுத்தியலால் உடைத்தாள் என்று வந்து சொன்னார். கை பழக்க தோஷத்தில் பொருக்கைச் சுரண்டிவிடும். உள்ளங்கைவரை வந்துவிடும். அதை அப்படியே இலையில் தட்டி, கரண்டியை மறுபடி பிடிப்பார்.

பிறகு மெதுவாகக் காது விழித்துக்கொண்டது. கொதிக்கிற பாலின் கொப்புளம் உடைகிற சத்தம் நேரம் ஆக ஆகத் தடித்துக்கொண்டே போவது கேட்டது. கரண்டியின் கனம் தோளுக்குத் தெரிந்தது. பச்சை வாசனை போய், வறுத்த வாசனை வந்து, அதற்கும் பிறகு ஒரு கணம் வாசனையே இல்லாததுபோல ஓர் அமைதி வரும். அப்போது "எறக்கு" என்பார். சரியாக இருக்கும்.

காலையில் இப்போது மினிபஸ்ஸுக்குக் கை காட்டுவதையும் விட்டுவிட்டார். ஞானதுரை மேல் இருந்த கோபம்கூட நடையில் கரைந்துகொண்டிருந்தது. கண்மாயில் கொக்குகள் இறங்குவதை, மலை மேல் வெயில் முதலில் படுகிற இடத்தை, முன்பு பஸ் ஜன்னலில் வேகமாக நழுவிப்போனதையெல்லாம் நிறுத்தி வைத்துப் பார்க்கிறவராக ஆகியிருந்தார். பெல்ட்டில் புதுசாக ஒரு துளை போட வேண்டியிருந்தது. மாரிக்கனிதான் கோணூசியைக் காய்ச்சிப் போட்டுக் கொடுத்தாள்.

அடுத்த ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். எடுக்கலாம் என்றார்.

எடுத்தார்கள். மயக்கம் தெளிந்தபோது தங்கப்பாண்டியன் முதலில் கேட்டது தங்கையைத்தான். அவளைப் பார்க்க விட்டது சில நாள் கழித்து. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தாள். கண் வெளுத்திருந்தது. பல வருஷத்துக்கு முந்தைய முத்துப்பேச்சியின் கண். ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. கேலிதான் என்பது உதட்டிலேயே தெரிந்தது. அவர் அங்கேயே சுவரில் சாய்ந்துகொண்டு அழுதார்.

வீட்டில் படுத்திருந்த வாரங்களில் அவர் யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கிடந்தார். டாக்டருக்குச் சொல்லியாயிற்று. பாய் பார்க்க வந்தபோது கையைப் பிடித்துக்கொண்டார். பாய் சங்கடப்பட்டு, கடையில் இப்போது கரண்டி பிடிக்கிறவன் வாணலியைப் பாதி நக்கிவிடுகிறான், சீக்கிரம் வா என்றார். தன் கால்களுக்குக்கூட மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டார். மாரிக்கனியிடம் மட்டும் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. விருப்பமில்லாத காரியத்தைப் பொறுத்துக்கொண்டவள். களி கிண்டிப் போட்டவள். ராத்திரியில் அவர் புரளும்போதெல்லாம் விளக்கைப் போட்டவள். பொறுத்ததற்கு நன்றி என்றால் அது குத்திக்காட்டுவதுபோல ஆகிவிடுமோ என்று பயந்தார்.

மறுபடி வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு முதல் நாள் மாரிக்கனியும் கூட வந்தாள். ரொம்ப தூரம் நடக்க இன்னும் கொஞ்ச நாள் ஆகும் என்பதால் இரண்டு பேரும் நிறுத்தத்தில் நின்றார்கள். மினிபஸ் வந்தது. தங்கப்பாண்டியன் கையைத் தூக்கவில்லை. எப்படியும் போகிறவன்தானே என்று பேசாமல் நின்றார். வண்டி அவர் காலடியில் வந்து நின்றது. ஞானதுரை எக்கிக் கதவைத் திறந்துவிட்டான்.

"என்னலே, இன்னைக்குப் பிரேக் பிடிக்குதா?" என்று கேட்டார்.

ஞானதுரை அவரைப் பார்க்காமல் பின்னால் நின்ற மாரிக்கனியைப் பார்த்தான். "அக்கா, இனிமே நிப்பாட்டலாம்லா? அண்ணன் என்னய மொறைக்கிற மொறைப்பு தாங்கல" என்றான்.

மாரிக்கனி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவருக்கு முன்னால் ஏறினாள். அவர் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றுவிட்டார். முதல் ஸ்கேன் முடிந்து மதுரையிலிருந்து வந்த மறுநாளே, விடியும் முன்னால், அவள் மினிபஸ் கிளம்புகிற இடத்துக்குப் போய் ஞானதுரையிடம் சொல்லியிருக்கிறாள்: அவிய மழையில நனைஞ்சு நின்னாலும் சரி, காலைல ஏத்தாத.