அக்காவின் ரேஷன் கார்டு

என் மாமியார் 1981-லேயே இறந்துவிட்டதாகப் போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தெரியவந்தது. அப்போது அவர் எனக்கு எதிரில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார்.

ஓசூரில் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனை என் வேலை. சீட்டில் எழுதியிருப்பதும் கருவி காட்டும் அளவும் ஒத்துப்போகாவிட்டால் விடமாட்டேன். வீட்டிலும் இந்தப் புத்தி போவதில்லை. அதற்காக என் கணவர் அன்புமணியிடம் தினமும் கிண்டல் வாங்குகிறேன். அவர் குடும்பத்தின் வம்சாவளியை வரைய உட்கார்ந்ததும் இந்தப் புத்தியால்தான்.

மாமியாரின் பெயரைச் செல்வம்மாள் என்று எழுதி, வரைந்தவரை படம் எடுத்துச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். காவேரிப்பட்டினத்திலிருந்து ரேவதி அண்ணி கூப்பிட்டார். அவர் என் மாமனாருடைய அக்கா மகள். செல்வம்மாள் அத்தை எண்பத்தொன்றில் மஞ்சள்காமாலையில் போய்விட்டார், இறந்த வருடம் போட மறந்துவிட்டாய் என்றார். ஆள் மாறிப் பேசுகிறார் என்று சாதித்தேன். ஒரு கல்யாணப் போட்டோவை அனுப்பிவிட்டு, மீதியை உன் மாமியாரையே கேட்டுக்கொள் என்று போனை வைத்துவிட்டார். போட்டோவில் மாமனார் முனிராஜின் பக்கத்தில் மணப்பெண்ணாக இருந்தது வேறு யாரோ. என் மாமியார் இரட்டைச் சடையோடு ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

அதை மாமியாரிடம் நீட்டினேன். காயைக் கீழே வைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். பிறகு, அந்தப் பெண்தான் செல்வம்மாள், தன் அக்கா என்றார். இவர் பெயர் சம்பங்கி. அக்கா இறந்தபோது அன்புமணிக்கு ஒன்றரை வயது. குழந்தையை யார் பார்ப்பது என்று பதினெட்டு வயதுத் தங்கையை அக்கா புருஷனுக்கே கட்டிவைத்தார்கள். ரேஷன் கார்டில் ஒரு பெயரை எடுக்கவும் இன்னொன்றைச் சேர்க்கவும் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடக்கவேண்டும். சொந்த ஊரான பாரூரில் அப்போது கரும்பு வெட்டு நேரம். இருக்கிற பெயரே இருக்கட்டும் என்று மாமனார் விட்டுவிட்டார். அந்தக் கார்டைக் காட்டி வாக்காளர் அட்டை, அதைக் காட்டி ஆதார். நாற்பது வருடத்தில் சம்பங்கி என்று கூப்பிட ஆளே இல்லாமல் போய்விட்டது.

எனக்குக் கோபம் வந்தது, போய்ச் சேர்ந்துவிட்ட மாமனார் மேல். மாமியாருக்குக் கோபமெல்லாம் இல்லை, பயம்தான். அவர் வயிற்றில் பிள்ளை பிறக்கவில்லை. அவருக்கு இருப்பது அன்புமணி ஒருவர்தான்.

"அப்பிடியே வுட்டுடு ரூபா. என் பேரப் போட்டா நான் அன்புக்குச் சித்தி ஆயிடுவேன்" என்றார்.

தப்பென்று தெரிந்தும் அப்படியே விட மனம் வரவில்லை. மாமியாரின் பெயரை அழித்தேன். அந்தக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு கட்டம் போட்டு, இரண்டையும் காலியாக விட்டு எழுந்தேன்.

நாலு மணிக்கு ஷிப்ட் முடிந்து வந்த அன்புமணி, தன் பெயருக்கு மேலே இருந்த இரண்டு காலிக் கட்டங்களையும் பார்த்தார். மாமியார் அவசரமாகச் சமையலறைக்குள் போனார். அன்புமணி அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"எனக்கு எட்டாவது படிக்கறப்பவே தெரியும்மா. ஊர்ல யாராச்சும் சொல்லாம இருப்பாங்களா? உனக்குச் சொல்ல இஷ்டமில்லன்னு நானும் கேக்கல."

மாமியார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். முப்பது வருடமாக இரண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் மறைத்திருக்கிறார்கள். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அன்புமணி இரண்டு கட்டங்களிலிருந்தும் தன் பெயருக்குக் கோடு இழுத்தார். பிறகு பேனாவை மாமியார் கையில் கொடுத்து, உன் பெயரை நீயே எழுது என்றார்.

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குனிந்து சரசரவென்று எழுதினார். எட்டிப் பார்த்தேன். செல்வம்மாள் என்று இருந்தது. அறிவொளி வகுப்பில் அவர் கற்றுக்கொண்ட எழுத்து அந்தக் கையெழுத்து மட்டும்தான்.

"இது ஒண்ணுதான் எனக்கு எழுத வருது" என்று சிரித்தார். அது அக்காவின் கட்டமாகவே இருக்கட்டும் என்றார்.

ஒரு துண்டுத் தாளில் சம்பங்கி என்று பெரிதாக எழுதிக் காட்டினேன். அதைப் பார்த்துப் பார்த்து அடுத்த கட்டத்தில் எழுதினார். பத்து நிமிடம் ஆனது. கடைசி எழுத்து கட்டத்தை விட்டு வெளியே போய்விட்டது. எழுதியதை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

பிறந்த வருடம் போடுவதற்காக அவர் ஆதார் அட்டையை எடுத்து, அதிலிருந்த 1957-ஐ எழுதப் போனேன். என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"என் வயசுல ஆறு வருசத்தக் கொறச்சுடு ரூபா. அது அக்காவோடது."