டெஸ்போ அண்ணி பற்ற வைக்காத கரி

என் அண்ணன் ஃபோட்டிஸைக் கட்டிக்கொண்டு சைப்ரஸிலிருந்து ஆஸ்திரேலியாவில் ரென்மார்க்குக்கு வந்த முதல் கோடையிலேயே டெஸ்போ அண்ணி அவனுடைய கல்யாணக் கோட்டைக் கொளுத்திவிட்டார். வேண்டுமென்று இல்லை. காய்ந்த புல்மேல் அடுப்பை வைத்து, கரியில் மண்ணெண்ணெய் ஊற்றித் தீக்குச்சியைக் கிழித்திருக்கிறார். தீ புல்லைப் பிடித்து அப்படியே துணிக்கொடிக்கு ஏறிவிட்டது. கோட்டு அங்கேதான் காய்ந்துகொண்டிருந்தது. அண்ணன் இன்றைக்கும் ஊரெல்லாம் அதைச் சொல்லிச் சிரிப்பான், அண்ணியும் கூடவே சிரிப்பார். ஆனால் அன்றோடு அந்த வீட்டில் கரிமேல் மண்ணெண்ணெய் ஊற்றுவது நின்றுபோனது.

அண்ணிக்கு முதலில் ஆரஞ்சுப் பழம் பெட்டி கட்டும் கொட்டகையில் வேலை, பிறகு பள்ளிக்கூட பஸ் ஓட்டுவது. இருபத்தாறு வருஷமாக ஓட்டுகிறார். அந்த பஸ்ஸில் ஏறிய பிள்ளைகளின் பிள்ளைகள் இப்போது ஏறுகிறார்கள், அவர்களும் பயந்துகொண்டேதான் ஏறுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பின்கட்டில் சூவ்லா. ஆட்டுக்கறியைப் பெரிய துண்டாகக் கம்பியில் கோத்து, கரிக்கு மேலே இரண்டு மணி நேரம் சுற்றவிட வேண்டும். எங்கள் ஆட்களுக்கு அது இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை விடியாது.

அண்ணி கரி பற்ற வைப்பதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவ்வளவு நிதானம். அடுப்பு சிமெண்டுத் தரை நடுவில்தான் இருக்க வேண்டும். சுற்றி மூன்று மீட்டருக்கு ஒரு சருகு கிடக்கக் கூடாது. அதற்கப்பால் இருக்கும் புல்லை ரப்பர் குழாயால் நனைப்பார். நனைத்த பிறகும் குழாயைச் சுருட்டி வைக்க மாட்டார், கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டே கிடக்கும். அப்புறம் ஆலிவ் எண்ணெய் டின் ஒன்று. மேலும் கீழும் வெட்டி, பக்கமெல்லாம் ஓட்டை போட்டது. அதைச் செங்கல்மேல் நிறுத்தி, அடியில் இரண்டு தாள் நியூஸ்பேப்பர், மேலே கரி, ஒரே ஒரு தீக்குச்சி. இருபது நிமிஷத்தில் கரி தானாகச் சாம்பல் பூத்து நிற்கும். அதற்கப்புறம்தான் அடுப்பில் கொட்டுவார். சாப்பாடு முடிந்ததும் சாம்பலை இரும்பு வாளியில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கிளறி, மூடி வைத்துவிடுவார்.

"இது கரி பத்த வைக்கிறதா, ஆஸ்பத்திரியில ஆபரேஷனா அண்ணி?" என்று வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து கேட்பேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு தகர வேலி, அதில் ஒரு சின்னக் கதவு, அவ்வளவுதான்.

"உன் புருவம் திரும்ப முளைச்சிருச்சா லோயிசு?" என்பார்.

புருவத்துக்கு ஒரு கதை உண்டு. எங்கள் சைப்ரஸ்காரர் சங்கத்தில் திராட்சை அறுவடை முடிந்ததும் பெரிய விருந்து நடக்கும். எட்டு கரியடுப்பு வரிசையாக எரியும். கரிக்கொட்டகைச் சாவியும் அடுப்புப் பொறுப்பும் பதினோரு வருஷமாக என்னிடம்தான். போன வருஷம் அவசரத்தில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றினேன். கொஞ்சம்தான். என் புருவமும் சங்கத்துப் பந்தலில் ஒரு மூலையும் போய்விட்டன. அதன் பிறகு நடந்த கூட்டத்தில் அண்ணி எழுந்து, "அந்தச் சாவிய எனக்குக் குடுங்க," என்றார். ஆண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. அண்ணி உட்காரவில்லை. "முப்பத்தாறு வருஷமா உங்களுக்கெல்லாம் வெங்காயம் நறுக்கியாச்சு. எனக்கு அந்த அடுப்பு வேணும்," என்றார். குரல் லேசாக நடுங்கியது. அதற்கு முன் அவர் எதையும் வேண்டும் என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

தலைவர் கிப்ரியானோஸ் தாடையைத் தடவினார். "ஞாயித்துக்கிழம கமிட்டியில மூணு பேரு உங்க வீட்டுக்குச் சாப்பிட வர்றோம் டெஸ்போ. சூவ்லா நல்லா இருந்தா சாவி உனக்கு. இல்லேன்னா லோயிசுகிட்டயே இருக்கட்டும்."

அந்த வருஷம் ஐந்து மாதமாக ஒரு சொட்டு மழை இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் ரேடியோவில் சொல்லிவிட்டார்கள்: நாளைக்கு நாற்பத்து மூன்று டிகிரி, வடக்குக் காற்று, முழுத் தீத்தடை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் ஒரு நாள் முழுக்க வெளியில் கரியடுப்பு பற்ற வைக்கக் கூடாது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான், ஏன் பொய் சொல்ல வேண்டும். நாளைக்குத்தானே தடை என்று அன்று சாயங்காலமே என் அடுப்பைப் பற்ற வைத்து நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஞாயிறு மதியம் மூன்று பேரும் வந்தார்கள், நானும் போய் உட்கார்ந்தேன். கம்பியில் கறி இல்லை, அடுப்பில் கரி இல்லை. அண்ணி கறியையெல்லாம் உருளைக்கிழங்கோடு சேர்த்து வீட்டுக்குள் கரண்ட் அடுப்பில் வேகவைத்திருந்தார்.

"சும்மா கொஞ்சம் கரிதானே டெஸ்போ. பின்கட்டுல யாரு பாக்கப் போறா?" என்றார் தலைவர்.

"காத்து பாக்கும் தலைவரே."

"சாவி வேணாமா உனக்கு?"

"வேணும். ரொம்ப வேணும். அதுக்காக இன்னிக்குப் பத்த வைக்க மாட்டேன்."

அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கமிட்டிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு மெதுவாக மென்றார்கள். பாதிச் சாப்பாட்டில் அண்ணி சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "எலுமிச்சம்பழம் பறிச்சுட்டு வர்றேன்," என்று எழுந்து போனார். பத்து நிமிஷம் ஆகியும் வரவில்லை. நான் கை துடைத்துக்கொண்டு பின்னால் போனேன்.

வேலிக் கதவு திறந்து கிடந்தது. அண்ணி என் வீட்டுப் பக்கம் நின்று, என் எலுமிச்சை மரத்தடியில் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தார். மரத்தைச் சுற்றி நான் போட்டிருந்த வைக்கோல் கருகிப் புகைந்துகொண்டிருந்தது. சாம்பல் எலுமிச்சைக்கு நல்லது என்று எங்கள் ஊரில் அப்பன் பாட்டன் காலத்துப் பழக்கம். முந்தின சாயங்காலத்துச் சாம்பலைக் கைவைத்துக்கூடப் பார்க்காமல் வைக்கோல்மேல் கொட்டியது நான்தான். ராத்திரி முழுக்க உள்ளே கனன்றிருக்கிறது, காற்று வந்ததும் எழுந்துவிட்டது. மரத்துக்கு அப்பால் இடுப்பளவு காய்ந்த புல். அதற்கப்பால் மற்றவர்களின் தோட்டம், வீடு, எல்லாம். கத்த வாயைத் திறந்தேன்.

"கத்தாத," என்றார் அண்ணி. "மண்வெட்டிய எடுத்து அடியில கிளறு. நல்லாக் கிளறு."

கிளறினேன். அவர் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் குனிந்து, ஈரச் சாம்பலில் உள்ளங்கையை அழுத்தி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்துப் பார்த்தார்.

"ஏன் அண்ணி, யாரையும் கூப்பிடல?"

"கூப்பிட்டா மூணு பேரும் ஓடி வந்து பாத்திருப்பாங்க. உனக்குத் தேவையா அது? ஒரு குழாய்க்கு அடங்குச்சு. அடங்கலேன்னா ஃபயர் சர்வீஸையே கூப்பிட்டிருப்பேன், உன் மானத்தப் பாத்திருக்க மாட்டேன். போ, மூஞ்சியக் கழுவு."

மூன்று பழத்தைப் பறித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் மூஞ்சி கழுவிக்கொண்டு போனபோது தலைவர் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சாப்பாட்டுல குத்தமில்ல டெஸ்போ. ஆனா இது சூவ்லா இல்ல. பேச்சுன்னா பேச்சு. சாவி லோயிசுகிட்டயே இருக்கட்டும்."

அண்ணி தலையை ஆட்டினார். "சரி தலைவரே," என்றார். பழத்தை நறுக்கி அவர் தட்டு ஓரமாக வைத்தார். கண் மட்டும் கொஞ்சம் கலங்கியிருந்தது. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் ஒருவேளை நான் பேசாமலே இருந்திருப்பேனோ என்னவோ.

சாவியை எடுத்து மேசைமேல் வைத்தேன். "தலைவரே, அண்ணி பழம் பறிக்கப் போகல. என் வீட்டுல தீ அணைக்கப் போனாங்க. நேத்து சாம்பல நான் வைக்கோல்ல கொட்டினேன். இன்னும் அஞ்சு நிமிஷம் விட்டிருந்தா இந்தத் தெருவே போயிருக்கும்."

தலைவர் எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். வந்து உட்கார்ந்து சாவியை அண்ணி பக்கம் தள்ளினார்.

"உனக்கு வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியாதா லோயிசு?" என்று அண்ணி என்னைத் திட்டினார். சாவியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அந்த மனுஷியைப் பதினோரு வருஷம் வெங்காயம் நறுக்க விட்டிருந்தேனே என்று வெட்கமாக இருந்தது.

தலைவருக்கு இன்னும் ஒரு கவலை இருந்தது. "டெஸ்போ, விருந்தன்னிக்கே தீத்தடை போட்டுட்டா? முன்னூறு பேரு வருவாங்க."

"அன்னிக்கும் கரண்ட் அடுப்புதான் தலைவரே."

அவர் நாதியற்றவர்போல என்னைப் பார்த்தார். பதினோரு வருஷத்துக் கரிக்காரன், நான் ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருப்பார்.

"இன்னும் ரெண்டு துண்டு வெச்சுக்கோங்க தலைவரே," என்றேன். "இப்பவே பழகிக்கோங்க."