பொக்லைன்காரர் நிற்காமல் போன தெரு

மலைச்சாலை வெட்டும் பொக்லைன் இயந்திரத்தை ஓட்டுபவர் அவர். ஊரில் எல்லோருக்கும் அவர் பொக்லைன்காரர்தான். மனைவி பள்ளிக்கூடத்தில் புவியியல் டீச்சர். ஒருமுறை உச்சிச் சரிவை வெட்டும்போது பாறைக்குள் கிளிஞ்சல்கள் பதிந்திருப்பதைப் பார்த்து, ஒரு துண்டை வீட்டுக்கு எடுத்து வந்தார்.

"கடல் எங்கயோ கிடக்கு. இது எப்படி மலை ஏறுச்சு, டீச்சரம்மா?"

"இது ஏறலைங்க, கடலடித் தரையே ஏறியிருக்கு. பூமியோட மேல்தோடு ஒரே துண்டு இல்ல, பெரிய பெரிய தட்டுகளா நகருது. இங்க ரெண்டு தட்டு முட்டித் தள்ளுது. நடுவுல மாட்டினது மடிஞ்சு மேல எழும்பிடுச்சு. இன்னும் வளந்துட்டுதான் இருக்கு, உங்க தொப்பை மாதிரி."

"அப்போ எரிமலையும் வருமா?"

"ஒரு தட்டு இன்னொண்ணுக்கு அடியில ஆழமா இறங்குற இடத்துல பாறை உருகி மேல பொங்கும். நம்ம பக்கம் அது இல்ல."

"அந்த மட்டுக்கும் பிழைச்சோம்!"

டீச்சர் சிரிக்கவில்லை. "பாறை சுலபமா வழுக்காதுங்க. ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கிட்டு, வளைஞ்சு வளைஞ்சு, வருஷக்கணக்கா தாங்கும். முடியாதப்போ ஒரே வெடுக்குல விட்டுடும். நம்ம வீட்டுத் தூணெல்லாம் அதுக்கு எந்த மூலைக்கு?"

வேறு வீடு பார்க்கலாம் என்றார். பார்க்கலாம், பார்க்கலாம் என்றே பொக்லைன்காரர் நாளைக் கடத்தினார்.

அது நடந்த காலையில் டீச்சர் காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்தார். மலைமேல் பொக்லைன்காரர் உட்கார்ந்திருந்த இயந்திரம் பொம்மை மாதிரி குதித்தது. எதிர்ச்சரிவு அப்படியே வழிந்து இறங்கியது. ஆட்டம் நின்றதும் கீழே பார்த்தார். ஊர் தெரியவில்லை, புழுதி மட்டுமே தெரிந்தது. போன் செத்துக் கிடந்தது.

ஓடினால் சீக்கிரம் போய்விடலாம். வெறுங்கையோடு போய் என்ன செய்வது? இயந்திரத்தையே இறக்கினார். நடக்கிற வேகம்தான் அதற்கு. வழியெல்லாம் சரிந்த மண்ணை ஒதுக்கிக்கொண்டே வந்தார். வாயில் "டீச்சரம்மா" மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஊருக்குள் நுழைந்ததும், அவருக்குச் சட்டை தைத்துக் கொடுக்கும் தையல்காரர் இயந்திரத்தின் முன்னால் வந்து நின்றார்.

"அண்ணே, எங்கம்மா உள்ள இருக்காங்க. குரல் கேக்குது. இந்த ஒரு தூணை மட்டும் தூக்கி விடுங்கண்ணே!"

"என் வீட்டுக்காரி உள்ள இருக்காப்பா. பார்த்துட்டு உடனே வந்துடறேன்."

"வர மாட்டீங்கண்ணே."

தையல்காரர் நகரவில்லை. பொக்லைன்காரர் ஹாரனை அழுத்திப் பிடித்தார். யாரோ தையல்காரரை இடுப்போடு கட்டி இழுத்துக்கொண்டார்கள். இயந்திரம் போயிற்று.

வீடிருந்த கட்டடத்தின் மாடிகள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. இயந்திரத்தின் மண் அள்ளும் கரண்டியை உயர்த்தும்போதே மாடிவீட்டு அக்கா கையை வீசிக் கத்தினார்: "நிறுத்துங்க! அதிர்வுல எல்லாம் சரியுது!"

பொக்லைன்காரர் எஞ்சினை அணைத்தார். இடுக்கில் வாயை வைத்துக் கூப்பிட்டார்.

"ஏங்க..." உள்ளிருந்து இருமல் வந்தது. "மெஷின் வேண்டாங்க. நீங்க வந்தப்போ தலைமேல மண் கொட்டுச்சு. கையாலயே எடுங்க."

கார் ஜாக்கி, கடப்பாரை, வெறும் விரல்கள் என்று ஒவ்வொரு கல்லாக எடுத்தார்கள். மத்தியானம் தரை மறுபடி ஆடியது. எல்லோரும் தெறித்து ஓடினார்கள். அவர் மட்டும் இடுக்குக்குள் கையை விட்டபடி கிடந்தார். மேலே இருந்த கான்கிரீட் பலகை ஒரு முழம் இறங்கியது. அதன்பிறகு உள்ளிருந்து சத்தமே இல்லை. "டீச்சரம்மா, டீச்சரம்மா" என்று தொண்டை கட்டும்வரை கதறிக்கொண்டே தோண்டினார். நகங்கள் பிய்ந்ததுகூடத் தெரியவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் டீச்சரை வெளியே எடுத்தார்கள். மூச்சு இருந்தது. வலது கை நசுங்கிப் போயிருந்தது. கூடாரத்தில் போட்டிருந்த ஆஸ்பத்திரியில் தோளோடு எடுத்துவிட்டார்கள்.

உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான், பகல் முழுக்கத் தன் இயந்திரம் சும்மா நின்றது அவர் நினைவுக்கு வந்தது. ஓடிப்போய் அதைக் கிளப்பிக்கொண்டு தையல்காரரின் தெருவுக்குப் போனார். ஒரே தூக்கில் தூண் வந்துவிட்டது. அம்மாவின் உடம்பில் இன்னும் சூடு இருந்தது.

"இப்பதான்... தண்ணி தண்ணின்னு கேட்டுட்டே இருந்தாங்க," என்றார் தையல்காரர்.

தகரக் கொட்டகைக்குக் குடிவந்த பிறகு ஒருநாள் அவர் எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னார். "உங்க மேல தப்பில்லை" என்று டீச்சர் சொல்லவில்லை. தன் ரவிக்கைகளை இடது கையால் ஒரு பையில் திணித்துக்கொண்டு, "வாங்க," என்றார்.

தையல்காரர் இரண்டு வரிசை தள்ளி ஒரு கொட்டகையில் மிஷின் போட்டிருந்தார். பொக்லைன்காரரின் கால் வாசலோடு நின்றுவிட்டது. உள்ளே டீச்சரின் குரல் கேட்டது.

"வலப்பக்கக் கையை எடுத்துட்டு மூடித் தைச்சிடுங்க தம்பி."

"சரிங்க டீச்சர். அண்ணன் வரலையா?"

"வெளிய நிக்கிறாரு."

மிஷின் ஓடத் தொடங்கியது. பொக்லைன்காரர் வெயிலிலேயே நின்றுகொண்டிருந்தார்.