சுருட்டு எரியும் நேரம்

சேகரனின் கையைச் சுட்டது முனியாண்டி சாமி அல்ல. நான்தான் சுட்டேன்!

இத்தனை ஆண்டுகளாக இதை யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவிக்குக்கூடத் தெரியாது. முன்பின் அறியாத உங்களிடம் சொல்கிறேன்... அறியாதவரிடம் சொல்வது எளிது என்பதால்தானே? ஆம், இதிலும் ஒரு கோழைத்தனம் இருக்கிறது.

மலேசியாவில் கோப்பெங்கைத் தாண்டி, நானும் சேகரனும் பிறந்த ரப்பர் தோட்டத்தைத் தேடினால் உங்களுக்குச் செம்பனைத் தோட்டம்தான் தென்படும். ரப்பர்ப் பால் கொட்டகை நின்ற இடத்தில் ஈப்போ தவுக்கே ஒருவர், சீன முதலாளி, பழைய டயர்களை உருக்கி எண்ணெய் எடுக்கும் ஆலையைக் கட்டினார். முனியாண்டி மட்டும் இடம் மாறவில்லை. ஆலை வேலிக்கு வெளியே, அதே மரத்தடியில் அரிவாளோடு நிற்கிறார்.

படித்து முடித்து அங்கே இஞ்சினியராகப் போனேன். சேகரன் உலைக் கதவுக்குப் பொறுப்பு. சிறுவயது முதலே அவனுக்கு நான் மச்சான், எனக்கு அவன் மச்சான். ஆலை அவனுக்குச் சோறு போட்டது. உயிர் என்னவோ உறுமி மேளம்தான். கோப்பெங்கிலிருந்து பாரிட் புந்தார் வரை எந்தத் திருவிழாவிலும் அவன் உறுமி உறுமாமல் சாமி இறங்காது என்பார்கள்.

உலை என்பது ஒரு பெரிய இரும்பு உருளை. டயர்களை உள்ளே அடைத்து, காற்றுப் புகாமல் மூடி, கடும் சூட்டில் வேகவைப்போம். காற்று இல்லாததால் டயர் எரியாது, சிதைந்து ஆவியாகும். அந்த ஆவியைக் குளிரவைத்தால் எண்ணெய். உள்ளே மிஞ்சுவது கரி. கரியை அள்ளுவதற்காகக் கதவைத் திறக்குமுன் நைட்ரஜனைச் செலுத்தி மிச்ச ஆவியை விரட்ட வேண்டும், கரியையும் ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் வெளிக்காற்றுப் பட்டதும் பற்றிக்கொள்ளும்.

சேகரன் நைட்ரஜனைத் திறந்துவிட்டு வேலிக்கு அப்பால் போவான். முனியாண்டிக்கு ஒரு தடித்த சுருட்டைப் பற்றவைத்துப் படைப்பான். அது முழுதும் சாம்பலான பிறகுதான் கதவில் கை வைப்பான். யாராவது அவசரப்படுத்தினால், "சாமி குடிச்சு முடிக்கட்டும்லா, என்ன அவசரம்?" என்பான்.

அவனுக்கு அது பக்தி. எனக்கு அது கடிகாரம்! உலையை நிறுவியவர்கள் சொல்லிப்போன காத்திருப்பு நேரமும், சுருட்டு எரியும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. ஒருநாள் ஆர்வத்தில் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். அறியாமல் செய்துவிட்டேன் என்று நீங்கள் என்னை மன்னித்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

உலை எரிபொருளைத் தின்று தீர்க்கிறது என்று தவுக்கே புலம்பிக்கொண்டே இருந்தார். குறைத்துக் காட்டுகிறேன் என்றேன். எண்ணெயாகாமல் வீணாகப் போன வாயுவை அடுப்புக்கே திருப்பிவிட்டேன். உருளையைச் சுற்றிச் சூடு காக்கும் கம்பளி போர்த்தினேன். புகைபோக்கியின் சூட்டைக்கொண்டு அடுப்புக்குப் போகும் காற்றைச் சூடாக்கினேன். இவையெல்லாம் நல்ல வேலைகள். இன்றும் அவற்றில் எனக்கு வெட்கமில்லை. தவுக்கே எல்லார் முன்னும் என்னைப் புகழ்ந்தார். புகழ் இருக்கிறதே... நான் ருசி கண்ட பூனை ஆனேன்!

இன்னும் குறையுமா என்றார். குறைக்க ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது. ஒவ்வொரு முறையும் உலையை ஆறவிட்டு, மறுபடி சூடேற்றினோம். காய்ந்த தோசைக்கல்லை ஆற்றிவிட்டு அடுத்த தோசைக்குப் புதிதாகக் காயவைப்பது போன்ற விரயம். நைட்ரஜனையும் காத்திருப்பையும் பாதியாக வெட்டினேன்.

ஆனால் சுருட்டைப் பாதியாக வெட்ட முடியுமா? அது எரிந்து தீரும்வரை சேகரன் அசையமாட்டானே!

அவனைக் கூப்பிட்டேன். "எண்ணெய் இருக்கிற இடம் மச்சான், பக்கத்துல நெருப்பு ஆகாது. பாதுகாப்பு முக்கியம். இனிமே நைட்ரஜன் நின்னதும் கதவத் தொற, சுருட்ட வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போறப்ப வையி."

பாதுகாப்பு! அந்தச் சொல்லைத்தான் சொன்னேன்... என் நாக்கு ஏன் அழுகவில்லை?

அவன் தலையைச் சொறிந்தான். "சாமி கோவிச்சுக்காதா?"

"எப்ப வச்சா என்னலா? சாமிக்குச் சுருட்டு கிடைக்குதுல்ல?"

"பெத்துல்லா, நெசந்தான். நீ படிச்சவன், நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே போனான்.

சில வாரங்கள் எதுவும் நடக்கவில்லை. எரிபொருள் குறைந்தது. என் தலை கனத்தது. பிறகு ஒரு பிற்பகலில் சேகரன் கதவைத் திறந்தான். உள்ளிருந்து தீ ஒரே பாய்ச்சலாக வெளியே வந்தது. முகத்தை மறைக்க அவன் கைகளைத் தூக்கியதால் முகம் தப்பியது; கைகள் தப்பவில்லை. நான் அப்போது கண்ணாடி அறைக்குள் நின்று, எவ்வளவு எரிபொருள் மிச்சம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

விசாரிக்க வந்தவர்களிடம், கதவின் அடைப்பு வளையம் தேய்ந்திருந்தது, காற்று முன்பே கசிந்திருக்கும் என்றேன். வளையம் தேய்ந்துதான் இருந்தது. பொய் சொல்லாமலே பொய் சொல்வது எப்படி என்று அன்று கற்றேன். மறுவாரமே நைட்ரஜனைப் பழைய அளவுக்குத் திருப்பிவிட்டேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஈப்போ மருத்துவமனையில் சேகரன் இரு கைகளிலும் கட்டோடு படுத்திருந்தான். அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடும் எண்ணத்தோடுதான் போனேன், நம்புங்கள். அவன் முந்திக்கொண்டான்.

"மச்சான், யார்கிட்டயும் சொல்லாதே. தப்பு எம்மேலதான். பாகான் டத்தோவுல பெரியப்பா செத்தாருல்ல, காரியம்கூட முடியல. தீட்டோட போயி சுருட்டு வச்சிட்டேன். வைக்க வேற ஆளு இல்லலா... சாமி சும்மா விடுமா?"

அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்? உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்தது. ஆனால் என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"சாமி மன்னிச்சிடும். விடுலா."

கேட்டீர்களா? நான் செய்த பாவத்துக்கு அவனை மன்னித்துவிட்டு வந்தேன்! பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இரண்டுக்கும் நடுவே பழச்சாறு வாங்கிக்கொண்டு போய் நின்றவன் நான்.

கைகள் மெல்லத் தேறின. தோல் சுருங்கி நிறம் மாறிப்போனாலும் விரல்கள் மடங்கின. இன்று அவன் மோட்டார்சைக்கிள் ஓட்டுகிறான், ரொட்டி சானாயைப் பிய்த்துத் தின்கிறான். உறுமியைப் பிடிக்கவும் அந்த விரல்களால் முடியும் என்று மருத்துவரே சொன்னார். அவன் தொடவில்லை. தீட்டோடு சாமியைத் தொட்ட கை இனி சாமிக்கு வாசிக்கக் கூடாதாம். உறுமி அவன் வீட்டு அலமாரியின் மேல் வேட்டியில் சுற்றிக் கிடக்கிறது. அவன் கையை நான் சுட்டது விபத்து என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவன் உறுமியைப் பறித்தது என் மௌனம்.

ஒரு வாக்கியம் போதும், அவன் அதை இறக்கித் தூசி தட்டுவான். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் இத்தனை காலம் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

இந்த ஆண்டு முனியாண்டி திருவிழாவில் இளைஞர்கள் உறுமி வாசித்தார்கள். சேகரன் கூட்டத்துக்கு வெளியே, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். அந்தக் கைகளை அவன் அக்குளில் ஒளித்திருந்த விதத்தைப் பார்த்ததும் எனக்குத் தாளவில்லை. அவனைத் தனியே இழுத்துப் போய்ச் சொன்னேன். நைட்ரஜன், காத்திருப்பு, சுருட்டு, தவுக்கேயின் புகழ்ச்சி... ஒன்றையும் விடவில்லை.

அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு என் தோளில் கை போட்டான். அந்தக் கையை!

"என்னைச் சமாதானப்படுத்தத்தானே இப்படிச் சொல்றே? எனக்குத் தெரியாதா உன்னை? நல்ல மனசுலா உனக்கு."

"இல்ல மச்சான், சத்தியமா..."

"சாமி முன்னால பொய்ச் சத்தியம் பண்ணாதே. எனக்குப் பட்டது போதும், உனக்கும் ஏதாச்சும் ஆகணுமா?"

அந்தக் கணம் எனக்குள் என்ன எழுந்தது தெரியுமா? நிம்மதி! சொல்லியும் தப்பித்துவிட்டேன் என்ற நிம்மதி... இன்னொரு முறை உரக்கச் சொல்லியிருக்கலாம். தோள்களைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். செய்யவில்லை.

சேகரன் சட்டைப்பையிலிருந்து ஒரு சுருட்டை எடுத்தான். தானே படைக்காமல் பூசாரியிடம் நீட்டினான். நண்பன் மனம் ஆறட்டும் என்று தன் மேல் பழி போட்டுக்கொண்டவனுக்காக என்று சொல்லி, என் பெயரைச் சொன்னான். பூசாரி அதைப் பற்றவைத்து முனியாண்டியின் காலடியில் வைத்தார்.

உறுமிச் சத்தம் ஓய்ந்து கூட்டம் கலைந்தது. நாங்கள் இருவரும் அருகருகே நின்றோம். சுருட்டு மெல்ல எரிந்தது. அது முழுதும் சாம்பலாகும்வரை நான் நகரவில்லை.