ஐந்து தோட்டாவுக்கு ஒரு கிடாரம்

வேட்டைத் துவக்குக்கு வட்டமான ட்ரம் மகசின் பூட்டிச் சோதித்துப் பார்க்கிற வேலைக்கு நல்ல கண் வேண்டும், நல்ல கை வேண்டும், எல்லாவற்றையும்விட எதுவும் விளங்காதபோதும் விளங்கினமாதிரி வைத்திருக்க ஒரு முகம் வேண்டும். உங்களுக்கும் அந்த முகம் இருக்கும். மருந்துக்கடையோ தொலைபேசிக் கடையோ, மொன்றியலில் மேசைக்குப் பின்னால் நின்று வேலை செய்த எல்லாரும் ஒரு நாளாவது வாடிக்கையாளருக்கு "வீ, வீ" என்று பிரெஞ்சில் ஆமாம்போட்டுத் தலையாட்டிவிட்டு, உள் அறைக்குள் போய் "இந்த மனுசன் என்ன கேட்டவர்?" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பீர்கள். இது உங்களுக்காக எழுதுகிறது.

நான் முதலில் தையல் மெசின் திருத்துகிறவன். தொழிற்சாலை மூடினபிறகு, மொன்றியலுக்குப் பக்கத்தில் லவாலில் வேட்டைத் துவக்குகள் விற்கிற ஒரு கடையில் திருத்துநர் வேலை கிடைத்தது. முதலாளி காஸ்தோன் என் கையைப் பார்த்துவிட்டு, "ஸ்பிரிங்கோடு பழகினவன் எதோடும் பழகுவான்" என்று சேர்த்துக்கொண்டார். பயிற்சி வகுப்பு, லைசென்ஸ் எல்லாம் முடித்துத்தான் உள்ளே போனேன். அப்படிப் போயும் குழம்பினேன் என்பதுதான் கதை.

மகசின், மகசான், ஷார்ஷர்

தோட்டாக்களை அடுக்கி வைத்துத் துவக்குக்குள் ஊட்டுகிற கூட்டை ஆங்கிலத்தில் மகசின் என்பார்கள். எனக்குத் தெரிந்த மகசின் வாரா வாரம் வாங்கிப் படிக்கிறது. பிரெஞ்சில் மகசான் என்றால் கடை. "உங்கள் மகசான் நல்லாயிருக்கு" என்று ஒருவர் சொன்னபோது நான் அலமாரியைத் திறந்து எந்த மகசின் என்று தேடினேன். அவர் கடையைப் புகழ்ந்திருக்கிறார்.

சரி, பிரெஞ்சில் அந்தக் கூட்டுக்கு என்னதான் பெயர்? ஷார்ஷர். ஆனால் இதை எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. வகுப்பை நான் ஆங்கிலத்தில் எடுத்தவன். வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை, வடக்கே பண்ணை வைத்திருக்கிற ஒரு பெரிய மனிதர் வந்து, உருண்டையான ஷார்ஷர் ஒன்று இருக்கிறதா என்று கேட்டார். எங்கள் வீட்டில் ஷார்ஷர் என்று மகள் தேடுவது கைத்தொலைபேசிக்கு மின்னேற்றுகிற வயரை. காஸ்தோனுடைய மேசையில் வட்டமான ஒன்று கிடந்தது. பணிவோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். பிறகு ஆறுதலாகச் சொன்னார்: "மெர்சி. ஆனால் என்னுடைய துவக்கு இன்னும் தொலைபேசியில் கதைக்கப் பழகவில்லை."

விளையாட்டுச் சாமான் கடை

என் மனைவி வசந்தி துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே எழும்பிப் போய்ச் சன்னலைச் சாத்துகிறவள். ஏன் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள், எனக்குத் தெரியும். லைசென்ஸ் விசாரணைக்காக ஒரு அதிகாரி அவளைத் தொலைபேசியில் பிடித்து, "உங்கள் கணவருக்குக் கோபம் வருமா?" என்று கேட்டபோது, என்னைப் பிடித்து அடைத்துவிட்டார்கள் என்று நினைத்து, "ஐயோ, அவர் ஒண்டும் செய்யேல்லை, நான்தான் கோவக்காரி" என்று அழுதிருக்கிறாள். லைசென்ஸ் எப்படியோ வந்தது. அதற்குப் பிறகு இங்கே எங்கட ஆட்கள் யார் கேட்டாலும் அவள் சொல்கிற பதில் ஒன்றுதான்: "இவர் லவாலில ஒரு ஸ்போட்ஸ் சாமான் கடையில நிக்கிறார்." பொய் இல்லை. கடைப் பெயர்ப்பலகையில் விளையாட்டு என்ற சொல்லும் இருந்தது.

ஒரு சனிக்கிழமை, செயின்ட்-மிஷேலில் எங்கள் பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிற ராசன் அண்ணை கடைக்குள் வந்தார். கிரிக்கெட் கழகத்துக்குச் செயலாளர். கூட மூன்று பேர், வாசலில் வான். மட்டையும் கால்காப்பும் மொத்தமாக எடுத்தால் விலை குறைக்கலாமோ என்று என்னைக் கேட்க வந்திருக்கிறார். சுவர் முழுக்க வரிசையாக நின்ற துவக்குகளைப் பார்த்தார். மேசையில் நான் கழற்றிக்கொண்டிருந்த பெரிய ட்ரம்மைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். கூட வந்தவர்கள் ஒரு அடி பின்னால் போய்விட்டார்கள். "தம்பி," என்றார் மெதுவாக, "எங்கட லீக் அவ்வளவு மோசமில்லையடா."

இருபது, ஐந்து, மூன்று

ரெஷான் என்பவர் வாத்து வேட்டைக்காரர். அவரிடம் இருந்தது விசையை இழுக்க இழுக்க அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்கிற செமி-ஆட்டோமற்றிக் துவக்கு. அதற்கு வெளிக் கம்பனி ஒன்று செய்த ட்ரம் பூட்டித் தரச் சொன்னார். ட்ரம்மைக் கண்டாலே பிரமிப்பு வரும். கலியாண வீட்டுக் கிடாரத்தைச் சின்னனாக்கினமாதிரி வட்டமாக, கறுப்பாக, பாரமாக இருந்தது. இருபது தோட்டா உருளுகிற அளவுக்கு வயிறு. ஆனால் இந்த நாட்டுச் சட்டப்படி ஐந்துக்கு மேல் போகக்கூடாது. அதனால் உள்ளே ஆணி அடித்து ஐந்தோடு நிறுத்தித்தான் விற்பார்கள்.

"அப்படியென்றால் ஏன் இவ்வளவு பெரிது?" என்று ரெஷான் கேட்டார். நான் காஸ்தோனைப் பார்த்தேன். காஸ்தோன் கூரையைப் பார்த்தார். அதோடு விட்டிருக்கலாம். எனக்கு வகுப்பில் படித்தது நினைவுக்கு வந்து வாயைத் திறந்துவிட்டேன்: வாத்துக்குப் போகும்போது துவக்குக்குள் மொத்தமாக மூன்று தோட்டாவுக்கு மேல் போகாதபடி அடைத்திருக்கவேண்டும். ட்ரம்மில் ஐந்து போகும் என்றால் அதை வாத்துக்குக் கொண்டுபோகமுடியாது. அவர் வேறு எதையும் வேட்டையாடுகிறவரும் இல்லை.

ரெஷான் ட்ரம்மைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை.  "பேசாமல் இதுக்குள் மத்தியானச் சாப்பாட்டைக் கொண்டுபோகிறேன்," என்றார். "அதுக்கு ஒரு சட்டமும் இல்லைத்தானே?"

யாரில் பிழை

ட்ரம் பூட்டினால் போதாது, லவாலுக்கு வடக்கே இருக்கிற சுடுதிடலுக்குக் கொண்டுபோய்ச் சோதிக்கவேண்டும். நத்தாலி என்ற பெண் போட்டிகளில் சுடுகிறவர். அவருடைய ட்ரம் எனக்கு மட்டும் ஒழுங்காக வேலை செய்தது. நான் சுட்டால் ஐந்தும் போகும். அவர் சுட்டால் இரண்டாவதோடு நிற்கும். துவக்கை மாறிப் பிடித்தோம், இடத்தை மாறி நின்றோம், கையுறையைக் கழற்றச் சொன்னேன். அவருக்கு நிற்கும், எனக்குப் போகும். அவர் உண்மையிலேயே கலங்கிவிட்டார். அடுத்த கிழமை போட்டி, அதற்காக ஒரு வருடம் பயிற்சி எடுத்திருக்கிறார்.

கடைசியில் எனக்கும் ஒருமுறை நின்றது. விசையை இழுத்தேன், சத்தமில்லை. வெடிக்காத தோட்டாவைப்போலப் பயப்படவேண்டிய ஒன்று உலகத்தில் இல்லை. கொஞ்சம் பிந்தியும் வெடிக்கலாம். துவக்கை இலக்குப் பக்கமாகவே பிடித்தபடி அசையாமல் நிற்கவேண்டும். நின்றேன்.  வசந்தி சன்னலைச் சாத்துவது ஏனோ கண்ணுக்கு முன்னால் வந்தது. போதுமான நேரம் போனபிறகு திறந்து பார்த்தால், தோட்டா உள்ளேயே போகவில்லை. பாதி வழியில் சரிந்து கிடக்கிறது. நான் இவ்வளவு நேரமும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது ஒரு வெறும் குழாய்க்கு.

நான் கடைக்குத் திரும்பிச் சொன்னதும் காஸ்தோன் தொலைபேசியை எடுத்தார். ட்ரம் செய்தவர்கள், துவக்கில்தான் பிழை என்றார்கள். துவக்கு செய்தவர்கள், தோட்டாவில்தான் பிழை என்றார்கள். தோட்டா விற்றவர்கள், அது ட்ரம்மில்தான் என்று சத்தியம் பண்ணினார்கள். நத்தாலி பழைய மகசினோடேயே போட்டிக்குப் போய் நன்றாகச் சுட்டுவிட்டு வந்தார். ட்ரம்மைத் திருப்பி அனுப்பினோம். என்ன பிழை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பொதிசுற்றி ஒட்டும்போது காஸ்தோன் சொன்னார்: "மூன்று பேரும் உண்மை சொல்கிறார்கள் என்றால், பிழையான சாமான் நீயும் நானும்தான்."

உங்களுக்குத் தெரியாததா

புரோசார்ட்டிலிருந்து ஒரு டாக்டர் வருவார். கோயம்புத்தூர்ப் பக்கம். மண் தட்டுகளை மேலே எறிந்து சுடுகிற விளையாட்டில் அவருக்குப் பைத்தியம். நான் தமிழ் என்று தெரிந்ததும் மிகவும் சந்தோசப்பட்டார். யாழ்ப்பாணம் என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அன்றிலிருந்து எது கேட்டாலும் "உங்களுக்குத் தெரியாததா சார்?" என்று தொடங்குவார். நான் சொல்வதையெல்லாம், ட்ரம் இறுக்கமாக இருக்கிறது என்று சொன்னால்கூட, ஏதோ போர்க்கள இரகசியம்போல் தலையை ஆட்டிக் கேட்பார்.

ஒருநாள் தாங்கமுடியாமல் சொல்லிவிட்டேன். டாக்டர், கனடாவுக்கு வரும்வரைக்கும் நான் துவக்கு ஒன்றைத் தொட்டதே இல்லை. எங்கே சத்தம் கேட்டாலும் அதற்கு எதிர்ப்பக்கமாக ஓடினதுதான் என்னுடைய அனுபவம். துவக்கோடு வந்த இயக்கத்தைக் கண்டாலும் ஓட்டம், ஆமியைக் கண்டாலும் ஓட்டம். வானத்தில் சத்தம் கேட்டால் மண்ணுக்குள் வெட்டின பங்கருக்குள் குந்திக்கொண்டிருந்தோம். அங்கே பாதி நேரம் தையல் மெசினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் ஏமாந்துபோனமாதிரி நின்றார். பிறகு மேசையிலிருந்த தன்னுடைய துவக்கைக் கொஞ்சம் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார். "மன்னிச்சுக்கங்க சார், தப்பா எடுத்துக்காதீங்க," என்றார். "அப்போ இதை வேற யாராவது ஒரு தடவை செக் பண்ணிடலாமா?"

பேருந்தில் வந்த டப்பா

தெரேஸ் என்ற மூதாட்டி கடைக்கு வந்தது ஒரு மழை நாளில். இரண்டு பேருந்து மாறி வந்திருக்கிறார். மரக்கறி வாங்குகிற துணிப்பையைத் தூக்கமுடியாமல் தூக்கி மேசையில் வைத்தார். புருசன் போன வருடம் காலமாகிவிட்டார், அவருடைய துவக்கைத் தன் தம்பி விற்றுவிட்டான், இது மட்டும் கராஜில் கிடந்தது, உங்களுக்குப் பயன்படுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். "உள்ளே ஏதோ உருளுகிறது," என்றும் சொன்னார்.

பையைத் திறந்தேன். ட்ரம். தூக்கின உடனேயே கை சொல்லிவிட்டது, நான் இதுவரை தூக்கின ட்ரம் ஒன்றும் இப்படிப் பாரமில்லை. ஆணி இல்லை. வயிறு முட்ட முட்டத் தோட்டா. ஆணி இல்லாத ட்ரம்மை வைத்திருப்பதே இந்த நாட்டில் குற்றம். காஸ்தோன் வந்து பார்த்தார். என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டுபோய் இரகசியமாகச் சொன்னார்: இதை நாங்கள் வைத்துக்கொண்டால் எங்களில் குற்றம். கிழவியிடம் திருப்பிக் கொடுத்தால் அவரில் குற்றம், கொடுத்ததற்கு எங்களிலும் குற்றம். போலீசைக் கூப்பிட்டால் அவர் இவ்வளவு நாளும் வீட்டில் வைத்திருந்தது தெரிந்துவிடும். எட்டிப் பார்த்தோம். அவர் மழைத்தொப்பியைக் கழற்றி உதறிக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த மான் தலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

 சீருடைக்காரர் ஒருவர் வந்து "இது யாருடையது?" என்று கேட்டால் அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று எனக்கு ஊரிலிருந்து தெரிந்தது ஒன்றுதான்: ஆளைப் பிடித்துக்கொண்டு போவார்கள். கூப்பிடாமல் விடுவோம் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் அந்தச் சாமான் திரும்பவும் பேருந்தில் ஏறுவதை நினைக்க அதைவிடப் பயமாக இருந்தது. காஸ்தோனும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவர் தொலைபேசியை எடுத்தார். நான் தெரேசுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

போலீஸ்காரர் இரண்டு பேர் வந்தார்கள். மூத்தவர் ட்ரம்மைப் பார்த்துச் சீட்டியடித்தார். "இது எங்கே இருந்தது, மதாம்?" என்று கேட்டார். கராஜில் என்று அவர் சொல்லவேண்டும் என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டு நின்றேன். தெரேஸ் முழு உண்மையையும் சொன்னார். முதலில் கராஜில்தானாம். பிறகு சமைக்கிற குசினிக் கதவு காற்றுக்கு அடித்து அடித்துச் சாத்துகிறது என்று அதற்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்தாராம். பேரப்பிள்ளைகள் வந்தால் காலால் உருட்டி விளையாடுவார்களாம்.  மூத்தவர் என்னைப் பார்த்தார், காஸ்தோனைப் பார்த்தார், கண்ணை மூடித் திறந்தார். பிறகு தோட்டா எல்லாவற்றையும் வெளியே எடுத்து, ட்ரம்மை ஒரு பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டார். தானாகக் கொண்டுவந்து ஒப்படைத்ததற்கு நன்றி, உங்களில் ஒரு குற்றமும் இல்லை, வாருங்கள் வீட்டில் இறக்கிவிடுகிறோம் என்றார்.

 சீருடைக்காரர் ஒருவர் குடை பிடிக்க, கிழவி காருக்குள் ஏறுவதை என் கண்ணால் பார்க்கிறேன், ஆனால் நம்பமுடியவில்லை. தெரேஸ் காரின் கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டார். ஏதோ நன்றி சொல்லப்போகிறார் என்று மழைக்குள் ஓடினேன். "நல்ல பிள்ளைகள், ஆனால் ஒரு யோசனையும் இல்லை," என்றார் கோபமாக. "அதைக் கொண்டுபோகிறார்களே, இனி என் குசினிக் கதவுக்கு நான் எதை வைப்பது?"

ஒரு வேலையை முழுதாக விளங்கிக்கொண்ட பிறகுதான் செய்யவேண்டும் என்று ஒரு சட்டம் வந்தால், மொன்றியலில் முதலில் வேலையில்லாமல் வீட்டில் குந்துகிறவன் நானாகத்தான் இருப்பேன்.