கடைசி ஆட்டத்துக்கு முன் துவைத்த சட்டைகள்

உருகுவேயின் தலைநகரான மோன்டெவிடியோவில், தெற்குப் பேட்டையில் எர்மினியாவைத் தெரியாதவர்கள் கிடையாது. பெரிய முற்றத்தைச் சுற்றிலும் ஓர் அறைக்கு ஒரு குடும்பம் என்று கறுப்பர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த வீட்டில் அவளும் ஒருத்தி. முற்றத்தின் நடுவே துவைக்கும் தொட்டிகள். மேலே பார்த்தால் வானம் தெரியாது, துணி காயும் கொடிகள்தான் தெரியும். அங்கே துணி துவைக்காத பெண்ணே இல்லை. ஆனாலும் எர்மினியா துவைத்தாள் என்றால் அதற்குத் தனி மரியாதை. பணக்கார வீட்டு அம்மாக்கள் அவள் கொண்டுவந்த துணியை விரித்து, கழுத்தையும் கைமடிப்பையும் இரண்டு தடவை பார்ப்பார்கள். துவைத்தது கறுப்பி ஆயிற்றே! எர்மினியா இடுப்பில் கைவைத்து நிற்பாள். "இன்னொரு தடவ பாத்துடுங்கம்மா, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்பாள். ஒருத்தியாலும் ஒரு கறையைக் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

அவளுடைய பெருமைகளில் பெரிய பெருமை, நாட்டுக் கால்பந்து அணியின் வானநீலச் சட்டைகள் அவளிடம் வெளுப்புக்கு வருவது. அணியின் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் பல்தோமெரோதான் மூட்டையைக் கொண்டுவருவான். இத்தாலிக்காரர் வழிப் பையன். நல்லவன், ஆனால் வாய் ஓயாது.

1917 அக்டோபர். தென் அமெரிக்க நாடுகளின் போட்டி இரண்டாவது முறையாக, இந்தத் தடவை எங்கள் ஊரிலேயே நடந்தது. போன வருடம் ஆற்றுக்கு அந்தக் கரையில், புவெனஸ் அயர்ஸில், பட்டம் எங்களுக்குத்தான். இந்த முறை வெள்ளிக் கோப்பையும் உண்டு. சிலிக்கு நாலு கோல், பிரேசிலுக்கு நாலு கோல். மிச்சம் இருந்தது அர்ஜென்டினா. யார் ஜெயிக்கிறார்களோ கோப்பை அவர்களுக்கு.

இரண்டு ஆட்டம் முடிந்தும் சட்டைகள் வெளுப்புக்கு வரவில்லை. எர்மினியாவுக்கு மனசு கேட்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் பல்தோமெரோ மூட்டையோடு வந்தான். அவிழ்த்ததும் முற்றத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

"எர்மினியாம்மா, கிழிசலை மட்டும் தைச்சுக் குடுங்க. தண்ணியில மட்டும் போட்றாதீங்க."

"என்னப்பா, பன்றித் தொழுவத்துலயா ஆடுனீங்க?"

"சிரிக்காதீங்கம்மா. இதுல இருக்கிறது எட்டு கோலு ராசி. துவைச்சா அதுவும் சேந்து போயிரும். பசங்க எல்லாம் அப்படித்தான் நம்புறாங்க. நாளைக்குக் காலைல வந்து வாங்கிக்கிறேன்."

அவன் போன பிறகு எர்மினியா தைக்க உட்கார்ந்தாள். ஒவ்வொரு சட்டையின் கழுத்து உள்பக்கத்திலும் அவள் போட்ட நூல் அடையாளம் இருந்தது. யாருடையது எது என்று அவளுக்குத் தெரியும். அணியில் இருந்த எங்கள் கறுப்புப் பையன்களில் ஒருவனுடைய சட்டை கைக்கு வந்தது. முதுகெல்லாம் மண்ணும் வியர்வையும் காய்ந்து கறுத்திருந்தது. ஊசி அப்படியே நின்றது.

போன வருடம் எங்களிடம் தோற்ற சிலித் தரப்பு, எங்கள் கறுப்புப் பையன்களைக் காட்டி, உருகுவே அணி ஆப்பிரிக்கர்களை இறக்கி ஆடிவிட்டது என்று மனுப் போட்டது. பிறகு வருத்தம் தெரிவித்தார்கள், சரி. ஆனால் அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படிக்கக் கேட்ட அன்று இந்த முற்றத்தில் யாரும் சாப்பிடவில்லை. எங்கள் பாட்டன் பூட்டன் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பல் அடித்தட்டில் வந்தவர்கள்தான். அதற்காக, இந்த மண்ணில் பிறந்த பிள்ளையைப் பார்த்து இப்படியா சொல்வது?

எர்மினியா எழுந்தாள். தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டு எல்லாச் சட்டைகளையும் உள்ளே அமுக்கினாள்.

பக்கத்து அறை ஃபெலிபா அலறிக்கொண்டு ஓடிவந்தாள். "அக்கா! உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? ராசியைக் கழுவி ஊத்துறியே!"

"நாளைக்கு நாலு நாட்டுக்காரன் பாப்பான்டி. வெள்ளைக்காரப் பையன் முதுகுல அழுக்கு இருந்தா சட்டை அழுக்குன்னு சொல்லுவான். நம்ம பையன் முதுகுல இருந்தா எது அழுக்குன்னு சொல்லுவான்?"

விஷயம் வெளியே பரவியது. சாயங்காலத்துக்குள் தெருவே திரண்டுவிட்டது. முரசு அடிக்கும் திமோத்தேயோ வாசலில் நின்று கத்தினான்: "தோத்தா உன்னாலதான் தோத்தோம்னு சாகுற வரைக்கும் சொல்லுவேன், பாத்துக்கோ! சட்டை மூட்டையும் இனிமே இந்தத் தெருப்பக்கம் வராது." அவன் சொன்னது பொய்யில்லை. அவளுடைய பேரும் பிழைப்பும் அந்தக் கொடியில்தான் தொங்கின.

போதாக்குறைக்கு மழை பிடித்துக்கொண்டது. ஞாயிறு விடிந்தபோது சட்டைகள் சொதசொதவென்று இருந்தன. எர்மினியா ஒவ்வொன்றையும் மறுபடி பிழிந்தாள். கரி இஸ்திரிப்பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு இத்தனையையும் எப்படிக் காயவைப்பது?

மழை விட்டதும் தெருவில் திமோத்தேயோ கூட்டம் பழைய பத்திரிகைகளைக் குவித்துத் தீ மூட்டியது. மைதானத்துக்குக் கிளம்புமுன் முரசுத் தோலைக் காய்ச்சி இறுக்குவது வழக்கம். எர்மினியா ஈரச் சட்டைகளை அள்ளிக்கொண்டு நேரே அங்கே போனாள்.

"முரசைத் தள்ளி வை. ஆளுக்கொரு சட்டையைப் புடி."

"நான் எதுக்குப் புடிக்கணும்?"

"ஈரச் சட்டையோட போயி அவனுங்க காய்ச்சல்ல விழட்டுமா?"

திமோத்தேயோ முறைத்தான். பிறகு முரசை நகர்த்திவிட்டுச் சட்டையை வாங்கினான். நேற்று திட்டிய வாய்கள் எல்லாம் தீயைச் சுற்றி நின்று சட்டை பிடித்தன.

வந்த பல்தோமெரோ சட்டையைப் பார்த்தான், முகர்ந்தான். முகம் வெளுத்துவிட்டது. "என்னம்மா காரியம் பண்ணிட்டீங்க! புகை நாத்தம் வேற அடிக்குது!"

"ராசி போச்சுன்னா நான் பொறுப்பு. கொண்டு போ."

திமோத்தேயோ கிளம்பும்போது அவளிடம் சொன்னான்: "ஜெயிச்சா கொட்டிக்கிட்டே வருவோம். சத்தம் கேக்கலைன்னா கதவைச் சாத்திக்கோ."

சாயங்காலம் முற்றத்தில் பெண்கள் மட்டும் இருந்தார்கள். மைதானத்திலிருந்து முதல் டிராம் வந்து நின்றது. முரசுச் சத்தம் இல்லை. "முடிஞ்சுதக்கா" என்று ஃபெலிபா மெல்லச் சொன்னாள். எர்மினியா கதவைச் சாத்தவில்லை. அப்புறம்தான், தூரத்தில், மழைக்குமுன் வானம் உறுமுவதுபோல் ஒன்று கேட்டது. டிராமில் ஏறப் பொறுமை இல்லாமல் வழியெல்லாம் கொட்டிக்கொண்டே நடந்து வந்திருக்கிறார்கள்! ஒன்றுக்குப் பூஜ்யம். கோப்பை எங்களுக்கு. திமோத்தேயோ அவள் கையைப் பிடித்துத் தன் முரசின்மேல் வைத்தான். அவள் அழுதாள், வெட்கப்படாமல் அழுதாள்.

திங்கட்கிழமை பல்தோமெரோ மூட்டையோடு வந்து பவ்யமாக நின்றான். "எர்மினியாம்மா, இனிமே கடைசி ஆட்டத்துக்கு முன்னால நீங்கதான் துவைக்கணும்னு பசங்க சொல்லிட்டாங்க. அந்தப் புகையும் கண்டிப்பா போடணுமாம்."

எர்மினியா ஒவ்வொன்றாகத் தொட்டியில் போட்டாள். நூல் அடையாளம் பார்த்து அந்தக் கறுப்புப் பையனுடைய சட்டையை மட்டும் போடாமல் தனியே எடுத்தாள். மார்பிலும் முதுகிலும் சேறு. அதை அப்படியே கொண்டுபோய், தெருவிலிருந்து பார்த்தால் தெரிகிற முன்கொடியில், முதுகுப் பக்கம் வெளியே தெரியும்படி மாட்டினாள்.

ஃபெலிபா வாயைப் பிளந்தாள். "அக்கா, அழுக்கோட காயப் போடுறியே, உன் பேரு என்ன ஆகுறது?"

"இன்னைக்கு ஒரு நாள் இருக்கட்டும்டி" என்றாள் எர்மினியா. "இது ஜெயிச்ச சேறு. எல்லாரும் பாத்துட்டுப் போகட்டும்."